உரிமப் புத்தகமும் குழலில் பொறித்த எண்ணும்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, பூட்டு தளர்ந்துபோன என் 12 போர் (குழலின் துளையளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்காக மதுரைக்கு எடுத்துச் சென்றபோது, மலையடிவாரச் சோதனைச்சாவடியில் எங்கள் ஜீப்பை நிறுத்தினார்கள். விடிந்தும் விடியாத நேரம். இளம் உதவி ஆய்வாளர் ஒருவர் டார்ச் விளக்குடன் வந்து பின்னிருக்கையில் கிடந்த நீண்ட கான்வாஸ் உறையைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான், "சார், அது லைசென்ஸ் துப்பாக்கி, தோட்டா போடவில்லை, லைசென்ஸ் என் கைப்பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்றேன். அவர் தலையசைத்த பிறகுதான் பையைத் திறந்தேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு சாவடிக்குள் போய், குழல்விளக்கின் அடியில் நின்று பக்கம் பக்கமாகப் படித்தார். புகைப்படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டார், செல்லத்தக்க காலத்தைப் பார்த்தார், பிறகு துப்பாக்கியில் எண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் உறையின் கயிற்றை அவிழ்த்து, குழலை மடக்கித் திறந்து, இரண்டு அறைகளும் காலியாக இருப்பதை முதலில் காட்டினேன். அவர் குழலின் அடிப்பகுதியில் சாய்சதுரக் கட்டத்துக்குள் பொறித்திருந்த 12 என்ற எண்ணையும் அதற்குக் கீழிருந்த எழுத்தையும் பார்த்து அதுதான் துப்பாக்கியின் எண்ணோ என்று தயங்கினார். அது தோட்டா அறையின் அளவைக் குறிக்கும், துப்பாக்கிகளைச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை என்பதைச் சொல்லி, விசைக் காப்பு வளையத்தின் வாலில் தேய்ந்துபோய்த் தெரிகிற வரிசை எண்ணைக் காட்டினேன். அவர் இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார், நான் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். எல்லாம் பொருந்தின. பத்து நிமிடங்களில் நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

இந்தப் பத்து நிமிடங்கள் இவ்வளவு சுமுகமாகக் கழிந்ததற்குக் காரணம், இதற்கு முன் இரண்டு முறை நான் பட்ட பாடு. துப்பாக்கி உரிமம் பெறுவது எப்படி என்று எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். உரிமம் கையில் வந்த பிறகு அந்தக் காகிதத்தை எப்படிப் பேணுவது, எப்போது எடுத்துச் செல்வது, யாரிடம் எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றித் தமிழில் எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் பலர் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 19ஆவது பிரிவு மிகச் சிறியது. ஆயுதத்தையோ தோட்டாவையோ எடுத்துச் செல்லும் எவரிடமும் உரிமத்தைக் காட்டும்படி எந்தக் காவல் அலுவலரும் கேட்கலாம் என்கிறது அது. காட்ட மறுத்தாலும் காட்ட இயலாமல் போனாலும் பெயரையும் முகவரியையும் கேட்கலாம், தேவையென்று கருதினால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, சொன்ன பெயர் பொய்யென்று சந்தேகம் வந்தாலோ, ஆள் தப்பி ஓடப் பார்க்கிறார் என்று தோன்றினாலோ பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இதிலிருந்து முற்றிலும் வேறான குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள் முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. உரிமம் இல்லாதவரையும், உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரையும் சட்டம் பிரித்துத்தான் பார்க்கிறது. ஆனால் சாலையோரத்தில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் நிற்கிற அலுவலருக்கு அந்த இருவரில் நீங்கள் யார் என்பது தெரிய வழியில்லை. அதைச் சொல்லும் சாட்சி அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

அவர் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் புழங்குகின்றன. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் அவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பதும், வேட்டைக்குப் போனவர்களிடமிருந்து கைப்பற்றுவதும் அடிக்கடி செய்தியில் வருகின்றன. கான்வாஸ் உறைக்குள் இருக்கிற வரையில் என் துப்பாக்கிக்கும் கள்ளத் துப்பாக்கிக்கும் வேறுபாடு தெரியாது. "என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என்று கேட்கிற தோட்ட முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. முகத்தைப் பார்த்து விடுவது என்று வந்துவிட்டால், எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பளியர் பழங்குடிக் குடும்பத்து இளைஞனை எந்த முகத்துக்காக நிறுத்துவார்கள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து முடிவுசெய்வதுதான் எல்லோருக்கும் ஒரே நீதி.

இனி அந்தப் புத்தகம். என்னுடையது மூன்றாம் படிவத்தில் வழங்கப்பட்டது, தடை செய்யப்படாத ரகத் துப்பாக்கிக்கு மாவட்ட ஆட்சியர் தருவது. சென்னையில் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையர் தருவார். முதல் பக்கங்களில் என் பெயரும் முகவரியும் புகைப்படமும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணும் இருக்கின்றன. அந்த அடையாள எண் இல்லாத பழைய உரிமங்கள் இன்று செல்லாதவை என்பதைப் பல பெரியவர்கள் இன்னும் அறியாமல் இருக்கிறார்கள். அடுத்து ஆயுதத்தின் விவரம்: 12 போர், டி.பி.பி.எல். (பின்பக்கமாகத் தோட்டா போடும் இரட்டைக்குழல்), எண் இன்னது. எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகும் என்பது அதற்குப் பிறகு. எனக்குத் தமிழ்நாடு மட்டும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பின்பக்கங்களில் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் கடைக்காரர் தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்திருக்கிறார். சக்திமான் மார்க் தோட்டா 25 என்று ஒரு வரி, இரண்டாண்டு கழித்து இன்னொரு 25. தோட்டத்தில் எத்தனை வேட்டுச் சத்தம் கேட்டது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஒருவர் கணக்கிட்டுவிடலாம். கையிருப்புத் தோட்டாவும் அந்த வரிகளும் பொருந்த வேண்டும் என்பதால், நான் சுட்ட தோட்டாக்களின் கணக்கைத் தனி நோட்டில் எழுதிவைக்கிறேன்.

நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருக்கும், ஆனால் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கல்விக்கூட வளாகத்துக்கும் ஆயுதத்தைக் கொண்டுசெல்லக் கூடாது. அதிகாரம் பெற்ற அலுவலர் கேட்டால் ஆயுதத்தையும் உரிமத்தையும் காட்ட வேண்டும். தொலைந்தாலோ திருடுபோனாலோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை உறைக்குள் முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று சேர்த்தன. தோளில் மாட்டிக்கொண்டு சந்தையில் நடந்த தாத்தாக்களின் காலம் முடிந்துவிட்டது, அது முடிந்ததே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் துப்பாக்கியை என் தாத்தா 1948இல், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரரிடம் விலைக்கு வாங்கினார். அவருக்குப் பின் அப்பா. அப்பா 2017இல் காலமானார். துக்க வீட்டில் துப்பாக்கியைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் உரிமம் பெற்றவர் இறந்த அந்த நாள் முதல் அது வீட்டில் இருப்பதற்குச் சட்டத்தின் துணை இல்லை. 21ஆவது பிரிவின்படி காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானும் தம்பியும் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் இசைவு, வட்டாட்சியர் விசாரணை, காவல்துறை அறிக்கை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்று என்று நீண்டு, 2019 ஆகஸ்டில்தான் உரிமம் என் பெயருக்கு வந்தது. இந்த அலைச்சலைத் தவிர்க்கவும் வழி உண்டு. உரிமம் பெற்றவருக்கு 70 வயதானாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. எங்களுக்குத்தான் அந்த விதி தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அசல் புத்தகம் பீரோவில், சாமி நகைகளோடு. துப்பாக்கி உறையின் பக்கவாட்டுப் பையில் ஜெராக்ஸ் நகல். அசல் தொலைந்துவிட்டால் மறுபடி வாங்குவது பெரும்பாடு என்பது அவர் வாதம். நானும் அதையே பின்பற்றினேன். 2020 ஜனவரியில், பொங்கலுக்கு மறுவாரம், குழலைச் சுத்தம் செய்து வாங்கித் திரும்புகிற வழியில் ஒரு நெடுஞ்சாலைச் சோதனையில் நிறுத்தப்பட்டேன். அங்கிருந்த அலுவலர் நகலைப் பார்த்துவிட்டு அசல் எங்கே என்றார். வீட்டில் என்றேன். கைப்பேசியில் அசலின் படத்தையும் காட்டினேன். படத்தை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில், கைப்பற்றியது சரி என்றே படுகிறது. நகலில் இருக்கும் செல்லத்தக்க காலம் அசலில் இன்னும் நீடிக்கிறதா, இடையில் உரிமம் இடைநீக்கம் செய்யப்பட்டதா, பின்பக்கங்களில் வேறு பதிவு வந்திருக்கிறதா என்பதையெல்லாம் நகலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்த ஒன்றை நான் இன்றும் ஏற்கவில்லை. கைப்பற்றிய துப்பாக்கிக்கு ரசீது தர மறுத்தார். "போய் அசலைக் கொண்டுவந்தால் கொடுத்துவிடப் போகிறோம், இதற்கு எதற்கு ரசீது?" என்றார். நான் நகர மறுத்துவிட்டேன். என் துப்பாக்கி என் கையை விட்டுப் போய், அது யார் கையில் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லாத நிலையில் நான் அங்கிருந்து போனால், அடுத்த நான்கு மணி நேரத்தில் அந்தத் துப்பாக்கியால் என்ன நடந்தாலும் அதன் எண் என்னுடைய புத்தகத்தில்தான் இருக்கும். இதை நான் குரலை உயர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, மூன்று முறை சொன்னேன். கடைசியில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ஒரு வெள்ளைத்தாளில் ரகத்தையும் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் எழுதி, கையொப்பமிட்டுத் தந்தார். தம்பி மலையிலிருந்து அசலை எடுத்து வந்து சேர மாலை ஆயிற்று. துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. காகிதம் கேட்கிற உரிமை அலுவலருக்கு இருப்பதுபோல், காகிதம் கேட்கிற உரிமை நமக்கும் இருக்கிறது. அதைப் பணிவாகக் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து, துப்பாக்கி போகும் இடமெல்லாம் அசல் புத்தகமும் போகிறது. ஆனால் துப்பாக்கியின் உறையில் நான் அதை வைப்பதில்லை. காகிதம் கேட்டவுடன் துப்பாக்கி உறைக்குள் கையை விடுவது போலப் பதற்றம் தரும் செயல் வேறில்லை. புத்தகம் என் கைப்பையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். மலையில் ஆடியிலும் ஐப்பசியிலும் காற்றே ஈரமாக இருக்கும், முத்திரை மை ஊறிப் பரவிவிடும். அதோடு அப்பாவின் உரிமத்திலிருந்து என் பெயருக்கு மாற்றிய ஆணையின் நகலும், கடைசியாகத் தோட்டா வாங்கிய பில்லும் இருக்கும். ஒரு நகலும் வைத்திருக்கிறேன், அது அலுவலர் தம் பதிவுக்கு ஒன்று வேண்டுமென்று கேட்டால் கொடுப்பதற்கு. பழுதுபார்க்கப் போகும்போது தோட்டாக்களை வீட்டுப் பெட்டியிலேயே பூட்டிவிட்டுப் போகிறேன்.

ஆட்களை அனுப்புவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். "நம்ம மேஸ்திரி முப்பது வருஷமா இருக்கிறவர், அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்" என்பார்கள். உரிமம் என்பது துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல, அதை வைத்திருக்கிற ஆளுக்கு உரியது. உரிமம் இல்லாத ஒருவர், உரிமம் பெற்றவர் உடன் இருக்கும்போது அல்லது அவருடைய எழுத்துப்பூர்வமான அதிகாரத்தோடு, பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ உரிமம் பெற்றவரின் பயன்பாட்டுக்காகவோ மட்டும் அதை எடுத்துச் செல்லலாம் என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. வாய்வார்த்தை போதாது. என் தம்பியை அனுப்பினால்கூட, அவன் பெயர், துப்பாக்கியின் எண், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதியில், எதற்காக என்று ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, அசல் உரிமத்தோடு கொடுக்கிறேன். இரவில் காட்டுப்பன்றியை விரட்ட மேஸ்திரியிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தாம் ஊருக்குப் போய்விடுகிற முதலாளிகள், அந்த மனிதரின் தலையில் எத்தனை ஆண்டுச் சிறையை ஏற்றி வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டுப்பன்றியையோ காட்டுமாட்டையோ சுடுவதற்கு இந்தப் புத்தகம் அனுமதி தருவதுமில்லை, அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற தனி விவகாரம்.

இரண்டாவது அனுபவம் முதலாவதைவிடக் கடுமையானது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது நான் ஒப்படைத்தேன், ரசீது வாங்கினேன், மே மாதம் திரும்பப் பெற்றேன். நிலைய எழுத்தர் உரிமப் புத்தகத்தைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார், நானும் அதைச் சரிபார்க்கவில்லை. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு, அடுத்த வாரம் மறுபடி ஒப்படைக்கப் போனேன். இந்த முறை பணியில் இருந்த ஏட்டையா புத்தகத்தைத் திறக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விசைக் காப்பு வளையத்தில் இருந்ததை எழுதினார். பிறகு புத்தகத்தைத் திறந்தார். "அம்மா, இதில் நடுவில் 3, உங்கள் லைசென்ஸில் 8" என்றார். எனக்குக் கால்கள் தளர்ந்தன.

என் கையில் இருந்த உரிமம் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு துப்பாக்கிக்கு உரியதாகிவிட்டது. மேசைமேல் கிடந்த தாத்தாவின் துப்பாக்கிக்கோ உரிமமே இல்லை. ஐந்து ஆண்டுகளாக நான் அதைச் சாலை வழியே எடுத்துச் சென்றிருக்கிறேன். பழுதுபார்த்தவர் கவனிக்கவில்லை, 2020இல் நிறுத்திய அலுவலர் புத்தகத்தை மட்டும் பார்த்தார், 2021இல் எழுத்தர் புத்தகத்திலிருந்தே எழுதினார், 2022இல் புதுப்பித்தபோது அதே எண்ணையே மறுபடி எழுதித் தந்தார்கள். இத்தனை பேரும் பார்த்தது காகிதத்தைக் காகிதத்தோடு. இரும்பில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை, நான் உள்பட.

அந்த ஏட்டையாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் உடனே வழக்கு என்று போகாமல், ரசீதில் துப்பாக்கியில் உள்ள எண் இது, உரிமத்தில் உள்ள எண் இது, ஒப்படைத்தவர் தாமாக முன்வந்து ஒப்படைத்தார் என்று தெளிவாக எழுதி, பிழையைத் திருத்தி வாருங்கள் என்றார். அந்த ஒரு வரி பிறகு எனக்குக் கவசமாயிற்று. உரிமம் வழங்கிய அலுவலகத்தில் கேட்டபோது, தட்டச்சுப் பிழை என்று எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. துப்பாக்கியையே மாற்றியிருக்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கேள்வி என் மனத்தைச் சுட்டது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆதாரம் அப்பாவின் பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அப்பாவின் உரிமப் புத்தகத்தை வாரிசு மாற்றத்தின்போதே அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் எதையும் கிழித்தெறியாத மனிதர். 1996, 1998, 2001 தேர்தல்களில் துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதுகள், ஓரம் செல்லரித்த, மடிப்பில் பிரிந்துவந்த தாள்கள், ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றி இருந்தன. மூன்றிலும் எண் தெளிவாக இருந்தது, நடு இலக்கம் 3. அவற்றுக்குக் கீழே 1948இல் தாத்தா வாங்கியபோது கொடுக்கப்பட்ட விற்பனைத் தாள், நீல மையில், சாய்வான ஆங்கிலக் கையெழுத்தில். அதிலும் அதே எண். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அழுதேன். அப்பா இருந்த காலத்தில் அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அந்த ரசீதுகளின் நகல்கள், துப்பாக்கிக் கடைக்காரர் நேரில் ஆய்ந்து கொடுத்த கடிதம், எண் பொறித்த மூன்று இடங்களின் புகைப்படங்கள் ஆகியவற்றோடு மனுக் கொடுத்தேன். எண் விசைக் காப்பு வளையத்தில் மட்டும் இல்லை, குழலின் தட்டையான அடிப்பகுதியிலும், கழற்றக்கூடிய முன்கட்டையின் இரும்பிலும் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருப்பதே பாகங்கள் மாற்றப்படவில்லை என்பதற்குச் சான்று. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 வரை காத்திருந்தது. அதன் பிறகு மற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளை வாங்கிச் சென்றார்கள். என்னுடையது நவம்பர் வரை நிலையத்திலேயே இருந்தது. அந்த ஆண்டு யானைகள் வாழைத்தோப்புக்குள் மூன்று முறை வந்தன. தகர டின்னைத் தட்டியும் பட்டாசு கொளுத்தியும் சமாளித்தோம். திருத்தப்பட்ட புத்தகம் கைக்கு வந்தபோது, அலுவலகக் கூடத்திலேயே நின்று எண்ணை நான்கு முறை படித்தேன்.

இந்த அலைச்சலுக்கு நடுவே, குடகில் இருக்கும் என் கல்லூரித் தோழியின் வீட்டுக்கு ஒரு முறை போயிருந்தேன். செப்டம்பர் தொடக்கம், கைல்போத் பண்டிகை, குடும்பத்தின் துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்துப் பூச்சூட்டி வணங்கும் நாள். குடகின் பூர்விகச் சமூகமான கொடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அளித்திருக்கும் விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று தோழியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள். துணை ஆணையர் அலுவலகம் வழங்கிய விலக்குச் சான்று, துப்பாக்கியின் எண்ணோடு. விலக்கு இருக்கிறது என்பதைக் காட்டவும் ஒரு காகிதம் வேண்டும், அது இல்லாமல் அவள் அப்பா துப்பாக்கியோடு வாசலைத் தாண்டுவதில்லை என்றாள். பண்டிகை மஞ்சள் அந்தக் கோப்பின் உறையிலும் ஒட்டியிருந்தது.

காவல் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரிமத்தைக் கேளுங்கள், முழுவதும் படியுங்கள், துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து எண்ணை ஒப்பிடுங்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். 2020இல் என்னை நிறுத்தியவர் அந்த எண்ணையும் ஒரு தடவை பார்த்திருந்தால், என் பிழை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். கைப்பற்றினால், கேட்கும் முன்பே ரசீது கொடுங்கள்.

என் உரிமம் 2027 ஆகஸ்டில் முடிகிறது. காலாவதி ஆன பிறகு ஓடுவதைவிட மாதங்களுக்கு முன்பே கொடுப்பது நல்லது என்பதால், புதுப்பிக்கும் விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். நேற்றிரவு தம்பி மகளை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எனக்குப் பிறகு இது அவளுக்குத்தான். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். அவள் இரும்பிலிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள், நான் விண்ணப்பத்தில் எழுதினேன். பிறகு இடம் மாறிக்கொண்டோம். நான் இரும்பைப் படிக்க, அவள் தாளில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். நடு இலக்கத்துக்கு வந்தபோது அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "மூன்று, அத்தை" என்றாள்.